படித்தவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும்

1994ஆம் ஆண்டு. பின்னாளில் நெட்ஸ்கேப் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற நிறுவனம் கலிபோர்னியாவில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான எம்.சி.ஐ., இணையத்தில் பொருள் விற்க ஒரு செயலியைச் செய்து தரும்படி அதனிடம் கேட்டது. வேலை எளிது போலத் தோன்றினாலும் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வலையின் அடிப்படை நெறிமுறையான எச்.டி.டி.பி.க்கு நினைவு என்பதே இல்லை. கேட்ட பக்கத்தைக் கொடுக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்பவர் அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. துவரம்பருப்பு நிறுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் நல்லெண்ணெய் கேட்டால், “நீங்க யாருங்க?” என்று விழிக்கும் மளிகைக் கடைக்காரரைப் போன்றது அது. பாதி வாங்கிய நிலையில் நிற்பவர்களின் விவரத்தையெல்லாம் தன் சர்வரில் சேர்த்து வைக்க எம்.சி.ஐ. தயாராக இல்லை. அந்தச் சுமை வாங்குபவரின் கணினியிலேயே இருக்கட்டும் என்றது.

நெட்ஸ்கேப்பின் இளம் பொறியாளர் லூ மோன்டுல்லி ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசருக்கு அனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது திருப்பிக் காட்டும். குக்கி என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டின் முதல் வரையறையை மோன்டுல்லியும் ஜான் ஜியானாண்ட்ரியாவும் சேர்ந்து எழுதினார்கள். 1994 அக்டோபர் 13 அன்று வெளியான நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பிலேயே அது இருந்தது.

கடைக் கூடைக்காகப் பிறந்த இந்தக் குக்கி ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து செய்த முதல் வேலை விற்பனை அல்ல. நெட்ஸ்கேப் தளத்துக்கு வருகிறவர் முன்பே வந்தவரா, புதியவரா என்று பார்ப்பதுதான் அது. விற்பதற்காகச் செய்த கருவி முதல் நாளிலேயே எண்ணும் கருவியாக மாறிவிட்டது. கட்டுரையும் வெளியிட்டு, பொருளும் விற்கும் ஒரு தளத்தில் இன்று யாராவது பார்வையாளர் கணக்கை நிறுவ உட்கார்ந்தால், அவர் கையில் எடுப்பது அந்த ஆண்டில் பின்னப்பட்ட முடிச்சைத்தான்.

காகிதத்தில் இரண்டு பேரேடுகள்

படிப்பவரை எண்ணுவதும் வாங்குபவரை எண்ணுவதும் காகிதக் காலத்தில் வெவ்வேறு ஆட்களின் வேலையாக இருந்தன. பத்திரிகைக்காரர்கள் தங்கள் விற்பனையைத் தாங்களே ஊதிப் பெருக்கிச் சொல்லிவந்ததால் விளம்பரதாரர்கள் சலித்துப்போய், 1914இல் சிகாகோவில் ஏ.பி.சி. என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு உருவாக வழி செய்தார்கள். இந்தியாவில் அதே பெயரில் 1948இல் ஓர் அமைப்பு வந்தது. எத்தனை பிரதிகள் விற்றன என்று அது சான்று தரும். வாங்கிய பிரதியை எத்தனை பேர் படித்தார்கள், படித்தவர்களில் எத்தனை பேர் விளம்பரத்தில் பார்த்த சோப்பை வாங்கினார்கள் என்பது அந்தக் கணக்குக்குள் வராது.

வாங்குபவர் கணக்கில் கெட்டிக்காரர்கள் தபால் வழி வியாபாரிகள். ஆரன் மாண்ட்கோமரி வார்டு 1872இல் சிகாகோவிலிருந்து ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு இந்தத் தொழிலைத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரு நுட்பத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் வரும் விளம்பரத்தில் முகவரியோடு ஒரு தனித் துறை எண்ணைச் சேர்ப்பார்கள். அல்லது கூப்பனின் மூலையில் ஒரு குறியீடு அச்சடிப்பார்கள். வந்து குவியும் உறைகளைப் பிரித்து அடுக்கினால், எந்தப் பத்திரிகை எத்தனை வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது, ஒருவரைப் பிடிக்க எவ்வளவு செலவானது என்பது மாதக் கடைசிக்குள் தெரிந்துவிடும். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய ‘சயன்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்ற நூல் இந்த முறையைத்தான் தூக்கிப் பிடித்தது. கூப்பன் எண்ணிக்கை சொல்லாத எதையும் நம்பாதே என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

தமிழ்ப் பத்திரிகை வரலாற்றிலும் இந்த இரண்டு உலகங்களும் ஒரே மனிதரிடம் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன், அதற்கு முன் விளம்பரத் தொழிலிலும் தபால் வழிப் பொருள் விற்பனையிலும் இருந்தவர். எந்த வாசகம் அஞ்சல் அட்டையை எழுத வைக்கிறது, எது வெறுமனே படித்துவிட்டுப் புரட்ட வைக்கிறது என்ற வேறுபாட்டில் நாளும் பிழைத்த தொழில் அது. அந்தப் பயிற்சியோடு வந்தவர் கையில்தான் விகடன் பெரும் விற்பனை காணும் வார இதழாக வளர்ந்தது.

சர்வர் எழுதிய குறிப்பேடு

வலை வந்தபோது கணக்கு தானாகவே எழுதப்பட்டது. ஒவ்வொரு கோப்பைக் கொடுக்கும்போதும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும்: கேட்ட கணினியின் ஐ.பி. முகவரி, நேரம், கேட்ட கோப்பு, கிடைத்ததா இல்லையா, அளவு. பின்னர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்தப் பிரவுசரில் வந்தார் என்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் பொறியாளர்கள் வைத்துக்கொண்ட குறிப்பேடு இது. வாசகரைப் புரிந்துகொள்வதற்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை.

ஆனாலும் அந்த வரிகளைக் கூட்டிக் கழித்துப் பட்டியல் போடும் நிரல்கள் வேகமாகப் பிறந்தன. அப்பாச்சி சர்வரை உருவாக்கியவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங் ‘டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.ஸ்டாட்’ எழுதினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் டர்னர் 1995இல் ‘அனலாக்’ என்ற இலவச நிரலை வெளியிட்டார். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் வெப்டிரெண்ட்ஸ் இதையே வியாபாரமாக்கி, மேலாளர்களுக்குப் புரியும் வண்ண வரைபடங்களாகத் தந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரும் பெருமையாகச் சொன்ன எண் ‘ஹிட்’. எங்கள் தளத்துக்கு மாதம் பத்து லட்சம் ஹிட் என்பார்கள். ஒரு பக்கத்தில் இருபது படங்கள் இருந்தால் அந்தப் பக்கத்தை ஒருவர் ஒரு தடவை திறந்தாலே இருபத்தொரு ஹிட் விழும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போவதும் கணக்கில் ஏறும். மறுபக்கம், இணையச் சேவை நிறுவனங்கள் பக்கங்களின் நகலைத் தங்களிடமே வைத்துக் கொடுத்ததால் உண்மையான வாசகர்கள் பலர் கணக்கிலேயே வராமல் போனார்கள்.

இந்தியாவில் குழப்பம் இன்னும் கூடுதல். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்கள், கல்லூரிகள் பக்கமெல்லாம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. ஒரே கணினியில் காலையில் தேர்வு முடிவு பார்த்த மாணவரும், மாலையில் துபாயிலிருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்பிய தகப்பனாரும் சர்வருக்கு ஒரே ஆள். அதில் குக்கி வைத்தாலும் அது நாற்காலியை அடையாளம் காட்டுமே தவிர, உட்கார்ந்தவரைக் காட்டாது.

கடைப் பகுதி தனியாகவே கிடந்தது. 1994 ஆகஸ்ட் 11 அன்று நெட்மார்க்கெட் என்ற சிறு நிறுவனத்தில் பாடகர் ஸ்டிங்கின் ஒரு குறுந்தகடு 12.48 டாலருக்கும் தபால் செலவுக்கும் விற்றது. குறியாக்கம் செய்யப்பட்ட கடன் அட்டை எண்ணோடு நடந்த அந்த விற்பனை நியூயார்க் டைம்ஸில் செய்தியானது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் இணைய இதழ் பதாகை விளம்பரங்களோடு வெளிவந்தது. ஒன்று கடை, மற்றொன்று இதழ். இரண்டரை மாத இடைவெளியில் பிறந்த இரண்டும் தங்கள் கணக்கைத் தனித்தனியாகவே வைத்துக்கொண்டன. ஆர்டர்கள் கடையின் தரவுத்தளத்தில் இருக்கும். படித்தவர்கள் சர்வர் குறிப்பேட்டில் இருப்பார்கள். கட்டுரையைப் படித்தவர்தான் பொருளை வாங்கினாரா என்று கேட்டால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

அர்ச்சின் வந்த கதை

ஊகத்தை ஒழிக்க எண்ணும் வேலையைச் சர்வரிடமிருந்து பக்கத்துக்கே மாற்றினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படம். பக்கம் திறந்ததும் அது இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குச் செய்தி அனுப்பும். சான்டியேகோவின் வெப்சைட்ஸ்டோரி, யூட்டாவின் ஆம்னிச்சர் போன்ற நிறுவனங்கள் இதில் வளர்ந்தன. நகல் பக்கம் திறந்தாலும் கணக்கு விழும்; ஜாவாஸ்கிரிப்டை இயக்காத தானியங்கிகள் பெரும்பாலும் விலகிவிடும். நன்றி சொல்லும் பக்கத்தில் ஆர்டர் எண்ணையும் தொகையையும் சேர்த்து அனுப்பினால், படித்ததும் வாங்கியதும் ஒரே அறிக்கையில் வந்து உட்காரும். பெரிய நிறுவனங்களுக்குத்தான் இது கட்டுப்படியானது.

சான்டியேகோவிலேயே இருந்த இன்னொரு நிறுவனம் அர்ச்சின். 2005 வசந்த காலத்தில் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகத் தந்தது. பதிவு செய்ய வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தது. 2006 ஆகஸ்டில்தான் எல்லோரும் தடையின்றிச் சேர முடிந்தது. நேற்று வரை பெரிய கடைகள் பணம் கொடுத்துப் பார்த்த கணக்கை, அன்றிலிருந்து கோலம் பற்றி எழுதி மாவு விற்கும் ஒருவரும் பார்க்கலாம் என்றானது.

செய்திமடலிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்புகளின் வாலில் ‘யு.டி.எம்.’ என்று தொடங்கும் சொற்கள் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை அர்ச்சின் விட்டுச் சென்றவை. எந்த ஊடகத்திலிருந்து, எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் குறிகள். கூப்பன் மூலையில் அச்சடித்த துறை எண் செய்த அதே வேலை. ஆனால் கூப்பனை வெட்டி அனுப்பியவர் தானாக முன்வந்து தன்னைத் தெரிவித்தார். இணைப்பைச் சொடுக்கியவருக்குத் தன்னைப் பற்றி ஏதோ எழுதப்படுகிறது என்பதே தெரியாது.

ஒரு பின்வாங்கல்

அந்த வேறுபாட்டின் கனம் 1999இல் வெளிப்பட்டது. பல்லாயிரம் தளங்களில் விளம்பரம் காட்டி, அவற்றையெல்லாம் ஒரே குக்கியால் கோத்து வைத்திருந்தது டபுள்கிளிக். அது அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தைச் சுமார் 170 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. அபாகஸிடம் இருந்தவை அமெரிக்கக் குடும்பங்கள் தபால் வழி விலைப்பட்டியல்களிலிருந்து என்னென்ன வாங்கின என்ற பதிவுகள், பெயர் முகவரியோடு. பெயரில்லாத வாசகரும் பெயருள்ள வாடிக்கையாளரும் ஒரே பேரேட்டில் சேரப்போகிறார்கள் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. வழக்குகள் வந்தன, அமெரிக்க வர்த்தக ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக் தலைவர் கெவின் ஓ’கானர், தனியுரிமைக்கு நெறிகள் வகுக்கப்படும் முன்பே இப்படித் திட்டமிட்டது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இணைப்பை நிறுத்திவைத்தார்.

பார்வையாளர் கணக்கின் வரலாற்றில் இந்த நிகழ்வுக்கு உரிய இடம் பல நேரம் கொடுக்கப்படுவதில்லை. கருவிகள் எப்படி வளர்ந்தன என்று மட்டும் சொன்னால் கதை நேர்கோட்டில் மேலேறுவது போலத் தெரியும். உண்மையில் இரண்டு பேரேடுகளும் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு மக்கள் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். அதைத் தாண்டியபோதெல்லாம் சட்டமோ சந்தையோ கை நீட்டித் தடுத்திருக்கிறது.

கட்டுரை விற்றதா, விளம்பரம் விற்றதா?

இதழும் கடையும் கைகோத்த தளங்கள் 2000க்குப் பின் பெருகின. லண்டனில் நாட்டலி மாசனே அந்த ஆண்டு தொடங்கிய நெட்-ஆ-போர்ட்டே ஆடைக் கடை ஒரு பெண்கள் இதழைப் போலவே வடிவமைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் எமிலி வைஸ் 2010இல் தொடங்கிய ‘இன்டு த கிளாஸ்’ அழகுக்குறிப்பு வலைப்பதிவின் வாசகர்களை நம்பித்தான் 2014இல் கிளாசியே அழகுப் பொருள் நிறுவனம் பிறந்தது. சமையல் குறிப்புத் தளமான ஃபுட்52, பின்னர் பாத்திரக் கடையும் ஆனது.

இவர்களுக்கு ஒரு கேள்வி தலைவலியாக இருந்தது. ஒருவர் மாத முதலில் கட்டுரையைப் படிக்கிறார். பத்து நாள் கழித்துச் செய்திமடலைத் திறக்கிறார். மாதக் கடைசியில் தேடுபொறி விளம்பரத்தைச் சொடுக்கி வாங்குகிறார். அறிக்கைகள் வெகுகாலம் முழுப் பெருமையையும் கடைசியாகச் சொடுக்கிய விளம்பரத்துக்கே கொடுத்தன. கட்டுரை எழுதியவரின் பெயர் விற்பனைக் கணக்கில் வராது. செலவைக் குறைக்க நினைக்கும் மேலாளர் முதலில் வெட்டுவது கட்டுரைப் பிரிவைத்தான். சில மாதம் கழித்து விளம்பரமும் விற்காமல் போகும்போது காரணம் புரியாது. 2011இல் கூகுள் அனலிட்டிக்ஸ், விற்பனைக்கு முன் ஒருவர் வந்த வழிகளையெல்லாம் வரிசையாகக் காட்டி, இடையில் உதவியவற்றுக்கும் பங்கு தரும் அறிக்கையைச் சேர்த்தது. எழுத்துக்கும் வியாபாரத்தில் பங்கு உண்டு என்று காட்டும் சான்று சிறு தளங்களின் ஆசிரியர்களுக்கும் அப்போது கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு சான்று மறையத் தொடங்கியது. கூகுளில் என்ன சொல்லைத் தேடி வாசகர் வந்தார் என்பது அதுவரை தளத்துக்குத் தெரிந்துகொண்டிருந்தது. கூகுள் கணக்கில் நுழைந்து தேடுபவர்களுக்கு அந்நிறுவனம் தேடலைக் குறியாக்கம் செய்ய ஆரம்பித்ததும் அந்தச் சொற்கள் அறிக்கையிலிருந்து படிப்படியாகக் காணாமல் போயின.

நிறுவும் வேலையிலும் தனிச் சிக்கல்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கட்டுரைகள் ஒரு முகவரியிலும் கடை வேறொரு முகவரியிலும் இருந்தால், குக்கி எல்லையைத் தாண்டாது. கட்டுரை படித்த வாசகர் கடைக்குள் காலெடுத்து வைத்ததும் புது ஆள் ஆகிவிடுவார். இரண்டு முகவரிகளையும் ஒன்றென்று கருவிக்குச் சொல்லித்தர வேண்டும். இந்தியாவில் பணம் கட்டப் பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் பக்கத்துக்கோ வங்கியின் ஓ.டி.பி. பக்கத்துக்கோ போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அவற்றை விலக்கச் சொல்லாவிட்டால், விற்பனையெல்லாம் கட்டண நிறுவனத்தின் தளத்திலிருந்து வந்தவர்களால் நடந்ததாக அறிக்கை சொல்லும். யு.பி.ஐ. செயலியில் பணம் கட்டிவிட்டு, நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாமலே போனை வைத்துவிடுகிறவரின் ஆர்டர் கடையில் இருக்கும். பார்வையாளர் கணக்கில் இருக்காது. அதனால்தான் விவரமறிந்தவர்கள் விற்பனைத் தொகைக்குக் கடையின் தரவுத்தளத்தையே நம்புகிறார்கள்; பார்வையாளர் கணக்கை எந்த வழி எந்த விகிதத்தில் கொண்டுவருகிறது என்று பார்க்க வைத்துக்கொள்கிறார்கள்.

சம்மதம் கேட்கும் காலம்

2017இல் ஆப்பிள் தன் சஃபாரி பிரவுசரில் பின்தொடரும் குக்கிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2019இல் ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளின் ஆயுளை ஏழு நாளாகக் குறைத்தது. ஐபோனில் கட்டுரை படித்துவிட்டுப் பத்தாம் நாள் வந்து வாங்கினால் அவர் அன்றுதான் முதன்முதலாக வந்தவர். 2018 மே 25 அன்று ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் ஆஸ்திரிய, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள், கூகுள் அனலிட்டிக்ஸ் மூலம் ஐரோப்பியர்களின் தரவு அமெரிக்கா போவது அந்தச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று முடிவெடுத்தன. சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய மடோமோ போன்ற திறந்தநிலை மென்பொருட்கள் பக்கம் பலர் திரும்பினார்கள். பிவிக் என்ற பெயரில் தொடங்கிய மடோமோ 2018இல் பெயர் மாற்றிக்கொண்டது.

கூகுளும் தன் பழைய அமைப்பை 2023 ஜூலை 1 முதல் நிறுத்தியது. புதிய பதிப்பு எல்லாவற்றையும் செயல்களாக எண்ணுகிறது: பொருளைப் பார்த்தார், கூடையில் போட்டார், பணம் கட்டத் தொடங்கினார், வாங்கினார். கட்டுரையை இறுதிவரை உருட்டிப் படித்ததும் அதே வரிசையில் ஒரு செயல். படிப்பும் வாங்கலும் இப்போது ஒரே இலக்கணத்தில் எழுதப்படுகின்றன. ஆனால் சம்மதம் தராதவர்கள் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த இடைவெளியைக் கணிப்பால் நிரப்பும் முறைகளையும் அதே கருவி வழங்குகிறது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனம் அதற்கு முன்பே, 2020இல், தன் தளங்களில் பிற நிறுவனங்களின் பின்தொடரும் நிரல்களுக்கு இடமில்லை என்று அறிவித்திருந்தது. பிறரைச் சாராமலும் தொழில் நடத்தலாம் என்பதற்கு அது அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு.

2023 சட்டத்தில் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது அது. அந்த அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழில் கட்டுரை வெளியிட்டுப் புத்தகமும் கைத்தறியும் மரச்செக்கு எண்ணெயும் விற்கும் தளங்கள் இன்று நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, “நாங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகிறோம்” என்ற மொட்டை வரியையும் ஒரு பச்சைப் பொத்தானையும் மட்டுமே காட்டுகின்றன. எந்தக் கட்டுரையைப் படித்தார், எதை வாங்கினார் என்பதை எதற்காகச் சேர்த்துப் பார்க்கிறோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம், வேண்டாம் என்றால் எங்கே சொல்வது என்பதையெல்லாம் அந்தக் கடைக்காரர்கள் தங்கள் வாசகர்களுக்குப் புரியும் தமிழில் எழுதியாக வேண்டும். முப்பது ஆண்டுகளாக வாசகருக்குச் சொல்லாமலே நடந்துவந்த கணக்கெடுப்பில், அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கும் கட்டம் இதுதான்.